பீக் ஃப்ளோ மீட்டர்: ஊதுவதற்கும் ஒரு முறை இருக்கிறது

(திரையில்: மீட்டரின் முள் பூஜ்யத்தில் நிற்கிறது)

ஆஸ்துமாவில் ஒரு வம்பு உண்டு. மூச்சுக்குழாய் சுருங்க ஆரம்பித்தால் எல்லோருக்கும் அது உடனே தெரிந்துவிடாது. சிலருக்கு லேசாகச் சுருங்கினாலே நெஞ்சு இறுகும், சிலருக்கோ நன்றாகவே சுருங்கிய பிறகும் "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்றுதான் தோன்றும். பீக் ஃப்ளோ மீட்டர் என்ற இந்த பிளாஸ்டிக் குழாய் முக்கியமாக அந்த இரண்டாவது ரகத்துக்குத்தான்.

இது அளப்பது, முழு பலத்தோடு ஊதும்போது காற்று வெளியேறும் உச்ச வேகத்தை. முள் 400-இல் நின்றால் நீங்கள் 400 லிட்டர் ஊதிவிட்டதாக அர்த்தமில்லை. அந்த ஒரு கணத்தில் நிமிடத்துக்கு 400 லிட்டர் என்ற வேகத்தில் காற்று போயிருக்கிறது, வண்டியின் ஸ்பீடாமீட்டர் காட்டுவது போல. ஊத ஆரம்பித்ததும், ஒரு நொடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நேரத்திலேயே அந்த உச்சம் வந்து போய்விடும். அதனால் முகம் சிவக்க நீளமாக ஊதுவது வீண், 'ஃபூ' என்று ஒரே வெடிப்பாக ஊதினால் போதும்.

(திரையில்: கை, மிக அருகில்)

விரல்களைக் கவனியுங்கள். முள் ஓடும் பள்ளத்தின் மேல் விரல் பட்டால் முள் நின்றுவிடும், ரீடிங் குறையும். எழுந்து நின்று, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, உதடுகளை வாய்க்குழாயைச் சுற்றி இறுக்கமாக மூடி, நாக்கு குறுக்கே வராமல் ஊதுங்கள். துப்புவது போல நாக்கால் தள்ளினால் எண் கூடிவிடும், அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. மூன்று முறை ஊதி, அதிகமானதை மட்டும் எழுதுங்கள், சராசரி வேண்டாம். முதல் இரண்டு பெரிய எண்களுக்கு இடையே 40-க்கு மேல் வித்தியாசம் வந்தால் இன்னொரு முறை ஊதிப் பாருங்கள்.

சரி, வந்த எண் நல்லதா கெட்டதா? வயது, உயரம், ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லும் அட்டவணைகள் இருக்கின்றன, ஆனால் தினசரி கண்காணிப்புக்கு என்னைக் கேட்டால் அவை இரண்டாம்பட்சம்தான். உங்கள் எண்ணை உங்கள் எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். ஆஸ்துமா கட்டுக்குள் இருக்கும்போது இரண்டு மூன்று வாரம் காலையும் மாலையும் ஊதி, அதில் வந்த உச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது 450 என்று வைத்துக்கொள்வோம். அதில் 80 சதவீதம் 360, அதற்கு மேல் பச்சை, அதாவது கவலையில்லை. 50 சதவீதம் 225, அதற்குக் கீழே சிவப்பு, அதாவது உடனே ரிலீவர் இன்ஹேலர் (சுருங்கிய மூச்சுக்குழாயைச் சட்டென்று விரிக்கும் மருந்து), உடனே மருத்துவ உதவி. நடுவில் மஞ்சள். மஞ்சளில் என்ன செய்வது என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மூச்சு வாங்கும்போது யோசித்துக்கொண்டிருக்க முடியாது.

அப்புறம், ஒற்றை எண்ணை விட ஏற்ற இறக்கம்தான் நிறையப் பேசும். ஆஸ்துமாவில் பொதுவாக அதிகாலையில் எண் குறையும், பிற்பகலில் ஏறும். காலையில் 320, மாலையில் 400 என்றால் வித்தியாசம் 80, சராசரி 360, ஆக சுமார் 22 சதவீதம். இப்படி இரண்டு வாரம் கணக்குப் போட்டு, அதன் சராசரி பெரியவர்களுக்கு 10 சதவீதத்தையும் குழந்தைகளுக்கு 13 சதவீதத்தையும் தாண்டினால் அது அதிகம்தான். ரீடிங்கை மருந்து எடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் மருந்து தூக்கிவிட்ட எண்தான் தெரியும். வேலை செய்யும் இடத்துத் தூசியோ ரசாயனமோ காரணமா என்று பார்க்கவும் இதே உத்திதான்: வேலை நாளிலும் விடுமுறையிலும் பல தடவை ஊதி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

மீட்டரை அடிக்கடி மாற்றாதீர்கள். 1959-இல் ரைட், மெக்கெரோ என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அறிமுகப்படுத்திய கருவியின் பழைய அளவுகோல் நடுப்பகுதியில் எண்ணைக் கூட்டிக் காட்டியது, பிரிட்டனில் 2004-இல் அளவுகோலையே மாற்றினார்கள். ஒரே ஆள், ஒரே மூச்சு, இரண்டு மீட்டரில் இரண்டு எண் வரலாம்.

நுரையீரலின் காற்றின் அளவையும் வேகத்தையும் விரிவாக அளக்கும் ஸ்பைரோமெட்ரி என்ற பரிசோதனைக்கு இது மாற்று அல்ல. சின்ன மூச்சுக்குழாய்களில் நடப்பது இதில் சரியாகத் தெரியாது, மனசில்லாமல் ஊதினால் எண்ணும் அப்படித்தான் வரும், ஐந்து வயதுக்குக் கீழே பெரும்பாலும் ஊத வராது.

எண் நன்றாக இருந்து மூச்சு மட்டும் திணறினால்? திணறலைத்தான் நம்ப வேண்டும். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ உதடு நீலம் பாரித்தாலோ மீட்டரைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள், ரிலீவரை எடுத்துக்கொண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.