கீ மீற்றரும் தலைவர் போட்டியும்

வணக்கம் நேயர்களே. பிரிட்டனில் கட்சிகள் தலைவரை மாற்றுகிற விதத்தைப் பற்றியும் வீட்டு காஸ், கரண்ட் செலவைப் பற்றியும் பன்னிரண்டு நிமிடம் கதைக்கும்படி இந்த நிகழ்ச்சியை நடத்தும் தம்பி கேட்டார். நான் அரசியல் படித்தவன் இல்லை, எந்தக் கட்சியிலும் அட்டை வாங்கினதும் இல்லை. வடமேற்கு லண்டனில் இருபத்தாறு வருடம் ஒரு மூலைக்கடை நடத்தினேன், அவ்வளவுதான் என் தகுதி. ஆனால் பாருங்கள், லாச்சிக்குப் பக்கத்தில், கரண்டுக்கும் காஸுக்கும் முன்காசு ஏற்றுகிற பேபொயின்ற் மெஷின் வைத்திருந்தவனுக்கு அந்தத் தெருவில் யார் வீட்டில் எப்போது கரண்ட் முடிகிறது என்பது தன்பாட்டில் தெரிந்துவிடும். மாசக் கடைசியில் இருபது பவுண் போட்டவர் ஐந்து பவுண் போடுவார். ஐந்து போட்டவர் சில்லறையாக எண்ணித் தருவார். நாங்கள் ஒன்றும் கேட்பதில்லை.

கீ மீற்றர் என்றால் என்னவென்று உங்களில் பலருக்கு விளக்கத் தேவையில்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வாடகை அறையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரு நாளாவது இரவு பத்து மணிக்கு ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு, அந்தப் பிளாஸ்டிக் கீயைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு, திறந்திருக்கிற கடை தேடி ஓடியவர்கள்தானே. கரண்டுக்குக் கீ, காஸுக்குக் காட், இரண்டிலும் கடையில் காசு ஏற்றி வந்து மீற்றரில் செருக வேண்டும். காசு முதலில், வெளிச்சம் பிறகு. 2022 இல் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் இப்படித்தான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2022 ஜூலை 5 ஆம் திகதி சுகாதார அமைச்சர் சஜித் ஜாவிதும் நிதியமைச்சர் ரிஷி சுனக்கும் அடுத்தடுத்துப் பதவி விலகினார்கள். 7 ஆம் திகதி பிரதமர் போரிஸ் ஜோன்சன் டவுனிங் வீதி வாசலில் வந்து நின்று, போகிறேன் என்றார். போகிறேன் என்றாரே ஒழியப் போகவில்லை, கட்சி புதுத் தலைவரைத் தெரிவுசெய்யும்வரை அவர்தான் பிரதமர். முதல் வாக்கெடுப்பில் எட்டுப் பேர் நின்றார்கள். ஆளும் கொன்சர்வேற்றிவ் கட்சி எம்.பி.க்கள் சுற்றுச் சுற்றாக வாக்களித்து ஆட்களைக் கழித்து, ஜூலை 20 இல் சுனக்குக்கு 137, லிஸ் ட்ரஸ்ஸுக்கு 113, பெனி மோர்டண்ட்டுக்கு 105 என்று வந்து நின்றது. மோர்டண்ட் வெளியே. மிஞ்சிய இரண்டு பேரில் ஒருவரைக் கட்சி உறுப்பினர்கள் தெரிவுசெய்ய வேண்டும். எத்தனை உறுப்பினர்கள்? 172,437 பேர். ஆறரைக் கோடிக்கு மேல் சனம் உள்ள நாட்டின் அடுத்த பிரதமரைத் தெரிவுசெய்கிறவர்கள் அவ்வளவு பேர். அவர்கள் முடிவெடுக்க அந்தக் கோடைகாலம் முழுக்கத் தேவைப்பட்டது.

கோடையில் ஒருவரும் ஹீற்றிங் போடுவதில்லை, அதனால் இதன் சூடு வெளியே தெரியவில்லை. ஆனால் விலை ஏறிக்கொண்டிருந்தது. காஸ், கரண்ட் கம்பனிகளைக் கண்காணிக்கிற ஒஃப்ஜெம் வைக்கிற விலை உச்சவரம்பு, சராசரி வீட்டுக்கு வருடத்துக்கு, 2021 ஒக்டோபரில் 1,277 பவுண். 2022 ஏப்ரலில் 1,971. ஆகஸ்ட் 26 ஆம் திகதி, வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அறிவிக்கிறார்கள், ஒக்டோபரில் இருந்து 3,549. ஒரே அடியில் எண்பது வீதம். அன்றைக்கு ஜோன்சன் இன்னும் பிரதமர், ஆனால் பெரிய முடிவுகளை அடுத்தவருக்கு விட்டுவிட்டேன் என்கிறார். அடுத்தவர் யாரென்று இன்னும் தெரியாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், இது என் பழைய வியாதி, என் மனைவி இந்தக் கதையைக் கேட்டாலே எழும்பிக் குசினிக்குப் போய்விடுவா. 3,549 என்பது உங்கள் பில்லுக்கு வரம்பு இல்லை. யூனிட் விலைக்கும் நாளாந்தக் கட்டணத்துக்கும்தான் வரம்பு. ஒரு சராசரி வீடு வருடத்தில் 12,000 யூனிட் காஸும் 2,900 யூனிட் கரண்டும் எரிக்கும் என்று அப்போது ஒரு கணக்கு வைத்து, அந்த விலையால் பெருக்கி, நாளாந்தக் கட்டணத்தையும் கூட்டி வருகிற தொகைதான் அது. நீங்கள் கூட எரித்தால் கூடக் கட்டுவீர்கள். கடையில் எத்தனை பேர் சொன்னார்கள் தெரியுமா, அண்ணை, அந்தத் தொகைக்கு மேல் எடுக்க மாட்டார்களாம், இனி நாள் முழுக்க ஹீற்றரைப் போட்டு விடலாம் என்று. ஐயோ, செய்யாதேங்கோ என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. திரும்பவும் சொல்கிறேன், வரம்பு யூனிட்டுக்கு, பில்லுக்கு இல்லை.

சரி, அந்த வெள்ளிக்கிழமை. எங்கள் கடைக்கு ஒவ்வொரு வெள்ளியும் ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணி வருவா, கணவர் இறந்து கன காலம், தனியாக ஒரு கவுண்சில் பிளாற்றில் இருந்தா. கீயில் பத்துப் பவுண், ஒரு பாண், ஒரு பைன்ற் பால், பூனைக்கு இரண்டு தகரம். அன்று கடைத் ரிவியில் 3,549 என்று பெரிதாகப் போட்டுக்கொண்டிருந்தான். அவ கீயை மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்து, "இப்போது யார்தான் பிரதமர்?" என்றா. கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டா. எனக்கு உடனே பதில் வரவில்லை. அவவே சொன்னா, 1974 இலும் இப்படித்தான், பிரதமர் எட்வேர்ட் ஹீத் காலத்தில் வாரத்தில் மூன்று நாள்தான் தொழிற்சாலைக்குக் கரண்ட், இரவு பத்தரையோடு ரிவி நிற்கும், மெழுகுதிரி வெளிச்சத்தில் பிள்ளையைக் குளிப்பாட்டினேன் என்று. நாட்டை ஆள்வது யார் என்று கேட்டுத் தேர்தல் வைத்தார் ஹீத், நாங்கள் பதில் சொன்னோம், நீ இல்லை என்று. சொல்லிவிட்டுச் சிரித்தா. அது சரியான கதைதான். 1974 பெப்ரவரித் தேர்தலில் ஹீத் ஆட்சியை இழந்தார், அடுத்த வருடம் பெப்ரவரியில் கட்சித் தலைமையையும் தட்சரிடம் இழந்தார். கரண்டும் கட்சித் தலைமையும் இந்த நாட்டில் ஒன்றையொன்று பிடித்து இழுப்பது புதிது இல்லை. ஹீத்தைச் சனம் நேரே பார்த்துத் தண்டித்தது, 2022 இல் சனத்தை ஒருவரும் கேட்கவில்லை, அதுதான் வித்தியாசம்.

ஓகஸ்ட் முழுக்க இரண்டு வேட்பாளர்களும் ஊர் ஊராகப் போய்க் கதைத்தார்கள். கடைசிக் கூட்டம் 31 ஆம் திகதி எங்கள் வெம்பிளியில், ஈலிங் றோட்டில் மரக்கறி வாங்கிக்கொண்டு நடந்தே போய்விடலாம். புதிய வரி ஒன்றும் கிடையாது, கரண்டுக்குப் பங்கீடும் கிடையாது என்றார் ட்ரஸ். மாசத் தொடக்கத்தில் உதவிப் பணம் கொடுப்பதைவிட வரியைக் குறைப்பதுதான் தன் வழி என்று சொல்லியிருந்தார். சுனக்கோ மே மாதத்தில் நிதியமைச்சராக இருந்தபோதே வீட்டுக்கு 400 பவுண் அறிவித்திருந்தார். வரிக் குறைப்பு வருமானம் உள்ளவனுக்கு உதவும், கீயோடு வருகிறவனுக்கு அதில் என்ன வரும்? இந்தக் கேள்வியை அந்த 172,437 பேரில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? என் கடைக்குக் கீ கொண்டு வந்தவர்களில் ஒருவரிடமும் அந்த வாக்குச்சீட்டு இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

செப்டெம்பர் 1 ஆம் திகதி ஜோன்சன் அணுமின் நிலையத்துக்குக் காசு அறிவிக்கப் போன இடத்தில், உங்கள் கேத்தில் பழையது என்றால் இருபது பவுணுக்குப் புதிது வாங்குங்கள், வருடத்துக்குப் பத்துப் பவுண் மிஞ்சும் என்றார். நான் கேத்தில் விற்றவன். அடுத்த நாள் ஒருவரும் கேத்தில் வாங்க வரவில்லை.

5 ஆம் திகதி முடிவு. ட்ரஸ் 81,326, சுனக் 60,399. மூன்று நாள் கழித்து, 8 ஆம் திகதி, ட்ரஸ் பாராளுமன்றத்தில் எழும்பி, சராசரி வீட்டுக்கு 2,500 பவுணில் விலையை நிறுத்துகிறேன், இரண்டு வருடத்துக்கு, என்றார். உதவிப் பணம் வேண்டாம் என்றவர், பதவிக்கு வந்த கையோடு அறிவித்தது அரசாங்கம் தலையிட்டு விலையைப் பிடிக்கிற மிகப் பெரிய திட்டம். ஏறக்குறைய அதே எண்ணத்தைத் தொழிற்கட்சித் தலைவர் ஸ்டாமர் ஓகஸ்ட் 15 இலேயே சொல்லிவிட்டார், விலையை அப்படியே நிறுத்தி வைக்க வேண்டும் என்று. ஆனால் அன்று அந்த அறிவிப்பை யார் கவனித்தார்கள்? விவாதம் நடக்கும்போதே துண்டுச் சீட்டு வந்தது, அன்று பின்னேரம் மகாராணி காலமானார்.

பிறகு 23 ஆம் திகதி புது நிதியமைச்சர் குவாசி குவார்ட்டெங்கின் சின்ன பட்ஜெட், நாலாயிரத்து ஐந்நூறு கோடி பவுண் வரிக் குறைப்பு, பவுண் விழுந்தது, வீட்டுக் கடன் வட்டி ஏறியது. இது உங்கள் எல்லோருக்கும் மோட்கேஜ் பேப்பரில் வந்த கதை, நான் நீட்டவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். 29 ஆம் திகதி காலையில் ட்ரஸ் பிபிசியின் உள்ளூர் வானொலிகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பேட்டி கொடுத்தார். எந்த வீடும் 2,500 பவுணுக்கு மேல் கட்டாது என்றார்! நான் கடையில் வானொலியோடு வாதாடினேன். நாட்டின் பிரதமர், தான் வைத்த திட்டத்தைத் தானே பிழையாகச் சொல்கிறார். வரம்பு யூனிட்டுக்கு, அம்மா, பில்லுக்கு இல்லை.

இனி ஸ்டாண்டிங் சார்ஜ். இதைச் சொல்லாமல் போனால் எனக்கு நித்திரை வராது. நீங்கள் ஒரு லைற்றும் போடாவிட்டாலும், வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனாலும், நாளுக்கு இவ்வளவு என்று எடுப்பார்கள். 2022 ஏப்ரலில் கரண்டுக்கு அது 25 பென்ஸில் இருந்து 45 பென்ஸாக ஏறியது. ஒரு காரணம், அதற்கு முந்தின மாதங்களில் சின்னச் சின்ன விநியோகக் கம்பனிகள் வரிசையாக விழுந்தன, அவற்றின் வாடிக்கையாளரை வேறு கம்பனிக்கு மாற்றின செலவு எல்லார் தலையிலும் வந்தது. காஸுக்கு 27 பென்ஸ், கீ, காட் ஆட்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட.

ஒக்டோபர் நடுவில், குளிர் தொடங்கின வாரம், அந்த அம்மா காஸ் காட்டையும் கொண்டு வந்தா. கோடை முழுக்க கீ மட்டும்தான் போட்டவ, அவவின் அடுப்பு கரண்ட். இருபது பவுண் போட்டுக்கொண்டு போனா. ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வந்துவிட்டா, முகம் சிவந்து போய், நீ காசு போடவில்லை என்று. இருபது வருடப் பழக்கம், எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. மகனைக் கடையில் விட்டுவிட்டு ரோர்ச்சையும் எடுத்துக்கொண்டு அவவோடு போனேன். படிக்குக் கீழே அலுமாரிக்குள் மீற்றர், பழைய குடைகளுக்கும் வக்கும் கிளீனருக்கும் பின்னால். முழங்காலில் இருந்து சிவப்புப் பொத்தானை அமத்தி அமத்திப் பார்க்கிறேன். காசு போயிருக்கிறது. ஆனால் இருப்பு இல்லை, இன்னும் கடன் காட்டுகிறது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஜூனில் இருந்து செப்டெம்பர் முடியும்வரை 122 நாள், 27 பென்ஸ் வீதம் போட்டாலே 33 பவுண். ஒரு துளி காஸ் எரிக்காமல் 33 பவுண் கடன், அதற்கு மேலே ஒக்டோபர் நாட்களும். அவ போட்ட இருபதையும் மீற்றர் அப்படியே விழுங்கிவிட்டது. அவ அந்தக் குளிர் அறையில் கோட்டோடு நின்றா, பூனை கதிரையில் சுருண்டு கிடந்தது. நான் கடைக்குத் திரும்பி வந்து காட்டில் முப்பது பவுண் போட்டு, கடன் கொப்பியில் எழுதினேன். மறுவாரமே தந்துவிட்டா, தராவிட்டால் அவவுக்கு மரியாதைக் குறைவு.

அவவுக்கு அந்த 400 பவுணும் தபாலில் வவுச்சராகத்தான் வந்தது, மாதம் 66, 67 என்று. வங்கி வழியாக மாசாமாசம் கட்டுகிறவர்களுக்குக் கணக்கில் தானாகவே விழுந்தது. இவ விளம்பரக் கடிதம் என்று நினைத்து முதலாவதைக் குப்பையில் போட்டுவிட்டா, பிறகு தோண்டி எடுத்தோம், தேயிலைச் சாயத்தோடு.

அதற்கிடையில் ஒக்டோபர் 17 ஆம் திகதி குவார்ட்டெங்கின் இடத்துக்கு வந்த நிதியமைச்சர் ஜெரமி ஹண்ட், விலையைப் பிடிப்பது இரண்டு வருடம் என்றதை ஏப்ரலோடு வெட்டிவிட்டார். 20 ஆம் திகதி ட்ரஸ் விலகினார். 24 ஆம் திகதி, தீபாவளி அன்று, சுனக் போட்டியே இல்லாமல் தலைவர். கடைக்கு வந்தவர்கள் லட்டும் தந்து கையும் குலுக்கினார்கள். அந்த முறை உறுப்பினர்களையும் கேட்கவில்லை, நாலே நாளில் முடிந்துவிட்டது. நாலு நாளில் முடிகிற வேலைக்குக் கோடையில் ஏன் இரண்டு மாதம் எடுத்தார்கள்?

தம்பி கண்ணாடிக்கு அங்கால் நின்று இரண்டு விரலைக் காட்டுகிறார். இன்னும் எவ்வளவோ இருக்கு. 2013 இல் தொழிற்கட்சித் தலைவர் எட் மிலிபாண்ட் விலையை நிறுத்துவேன் என்றபோது கொன்சர்வேற்றிவ் பிரதமர் கமெரன் மார்க்சியம் என்று கேலி செய்ததும், பிறகு கமெரனின் கட்சிப் பிரதமர் தெரேசா மே காலத்தில் இந்த உச்சவரம்பு சட்டமாகி 2019 ஜனவரியில் வந்ததும் தனியாக ஒரு நாள் கதைக்க வேண்டிய விஷயம். 2024 ஜூலையில் தொழிற்கட்சி நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் ஓய்வூதியக்காரரின் குளிர்காலப் பணத்தில் கைவைத்து, அடுத்த ஜூனில் பெரும்பாலானோருக்குத் திருப்பிக் கொடுத்தார், அதற்குள் அப்போது பிரதமராக இருந்த ஸ்டாமருக்குச் சொந்தக் கட்சிக்குள்ளேயே எவ்வளவு பேச்சு. கொன்சர்வேற்றிவ் தலைவராகக் கெமி பேடனொக் வந்த பிறகு... சரி, சரி, முடிக்கிறேன் தம்பி.

காட் மீற்றர் வைத்திருக்கிறவர்கள் கவனியுங்கோ, கோடையிலும் மாதம் பத்துப் பவுண் காஸ் காட்டில் போட்டு வையுங்கோ. சிவப்புப் பொத்தானை அமத்தினால் உள்ளே எவ்வளவு கடன் என்று காட்டும். வணக்கம்.