முட்டை உறங்கும் காலம்

நேயர்களுக்கு வணக்கம்.

போன வருடம் ஆடி மாதத்தில் பக்கத்து வீட்டுப் பையன் ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினான். உள்ளே ஒரு துண்டுக் காகிதம். அதில் கசகசாவைவிடச் சற்றே பெரிதாக, நூறு நூற்றைம்பது பட்டுப்புழு முட்டைகள். "பொரிக்கவே மாட்டேங்குது தாத்தா" என்றான். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். எல்லாம் நடுவில் குழிந்து கிடந்தன. எப்போது ஃபிரிட்ஜில் வைத்தாய் என்று கேட்டேன். "பூச்சி முட்டை போட்ட அன்னைக்கே" என்றான் பெருமையாக. நான் சிரிக்கவில்லை. விலங்கியல் ஆசிரியராகச் சேர்ந்த முதல் வருடம் நானும் அதையேதான் செய்தேன்.

எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம், பட்டுப்புழு தின்னும் மல்பெரி இலைக்கான தோட்டம் இல்லாத ஊர் குறைவு. கூடு அறுவடை முடிந்ததும் யாரிடம் கேட்டாலும் பத்து வெள்ளைக்கூடு கொடுப்பார்கள். அது போதும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது பிள்ளைகளும் பெரியவர்களும் பார்த்து மகிழ்வதற்கு. விவசாயி இப்படி முட்டை எடுத்துப் புழு வளர்க்கக் கூடாது. அவருக்குக் கொடுப்பது கலப்பின முட்டை. அதன் அடுத்த தலைமுறை ஒரே சீராக வராது. விற்பதற்கென்று முட்டை தயாரிக்க மத்திய பட்டு வாரியச் சட்டப்படி பதிவும் வேண்டும்.

சரி, கூட்டுக்கு வருவோம். பிளேடால் கூட்டின் ஒரு முனையை மெல்லக் கீறிக் கூட்டுப்புழுவை வெளியே எடுக்கலாம். வயிற்றின் கடைசிப் பகுதியில் பெருக்கல் குறி போலக் கோடு தெரிந்தால் பெண். சிறு புள்ளி மட்டும் இருந்தால் ஆண். கையில் வைத்தாலே பெண் கொஞ்சம் கனக்கும். அட்டைப் பெட்டியில் போட்டு வையுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில், விடியற்காலையில்தான் பூச்சி வரும். வந்ததும் இறகு கசங்கிய துணி மாதிரி இருக்கும். அரை மணி நேரத்தில் விரிந்துவிடும். செம்மண் கரைத்ததுபோல ஒரு நீரை வெளியேற்றும். பெண்களே, நல்ல புடவை கட்டிக்கொண்டு பக்கத்தில் போகாதீர்கள்.

இந்தப் பூச்சி பறக்காது, சாப்பிடாது. பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதன் கையிலேயே வளர்ந்து பறப்பதை மறந்துவிட்டது. பெண் பூச்சி உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாது. வயிற்று நுனியில் மஞ்சளாக ஒரு சுரப்பியை நீட்டிக்கொண்டிருக்கும். நமக்கு அந்த வாசனை தெரியாது. ஆண் பூச்சியோ இறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும். அந்த வாசனைப் பொருள் என்ன என்று கண்டுபிடிக்க ஜெர்மனியின் வேதியியலாளர் புட்டனான்ட் சுமார் ஐந்து லட்சம் பெண் பூச்சிகளின் சுரப்பிகளைச் சேகரிக்க வேண்டியிருந்தது. 1959இல் அதை அறிவித்தார். நம் வீட்டு ஆண் பூச்சிக்கு ஒரு பெண்ணே போதும், நொடியில் கண்டுபிடித்துவிடும்.

இணை சேர்ந்தபின் மூன்று, நான்கு மணி நேரம் விட்டுவிட்டு, இரண்டையும் பிடித்து இலேசாகத் திருகினால் பிரிந்துவிடும். இழுக்கக் கூடாது. பெண்ணை ஒரு வெள்ளைத்தாளில் விட்டு, மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். மறுநாள் காலையில் தாளில் 400, 500 முட்டைகள் ஒன்றோடொன்று உரசியபடி, வட்டமாக ஒட்டியிருக்கும். பசை வைத்து ஒட்டியதுபோல, ஊதினாலும் விழாது.

பையன் இடறியது இங்கேதான். புது முட்டை எலுமிச்சை மஞ்சளாக இருக்கும். கருவுற்ற முட்டை ஒன்றிரண்டு நாளில் செம்பழுப்பாகி, பிறகு சிலேட்டு நிறத்துக்கு வரும். மஞ்சளாகவே நின்றவை கருவுறாதவை. சில நாளில் குழிந்துவிடும். நிறம் மாறியதும் உள்ளே கரு ஓர் அளவுக்கு வளர்ந்து, அப்படியே நின்று உறங்கத் தொடங்குகிறது. அந்த உறக்கம் பிடிப்பதற்கு அறைச் சூட்டில் ஒரு மாதம்போல விட வேண்டும். அதற்கு முன்பே குளிரில் வைப்பது, தூங்கத் தொடங்கும் குழந்தையைத் தண்ணீர்த் தொட்டியில் போடுவது மாதிரி. உறங்கியபின் குளிர் அதற்கு எதிரியல்ல. சொல்லப்போனால் குளிர் இல்லாமல் எழவே எழாது. உறங்கும் முட்டை தன் சேமிப்பு மாவுப்பொருளை கிளிசராலாகவும் சார்பிட்டாலாகவும் மாற்றி வைத்துக்கொள்கிறது. குளிர்காலம் கழிந்தபின் அதைத் திரும்ப மாற்றிக்கொண்டுதான் வளர்ச்சி தொடரும்.

முட்டை உறங்க வேண்டுமா வேண்டாமா என்பதை யார் முடிவு செய்வது தெரியுமா? அதன் தாய். அதுவும் தாய் முட்டையாக இருந்த காலத்தில்! வெள்ளைக்கூடு கட்டும் இருசந்ததி இனத்தில், அதாவது இயற்கையில் வருடத்துக்கு இரண்டு தலைமுறை காணும் இனத்தில், தாயின் முட்டை 25 டிகிரியில், வெளிச்சத்தில் அடைகாக்கப்பட்டிருந்தால், அவள் வளர்ந்து பூச்சியாகி இடும் முட்டை உறங்கும். 15 டிகிரியில், இருட்டில் இருந்திருந்தால், அவள் இடும் முட்டை உறங்காமல் பத்துப் பன்னிரண்டு நாளில் பொரித்துவிடும். நடுவில் புழு, கூட்டுப்புழு என்று எவ்வளவோ மாறியும் அந்தக் கணக்கு மறக்காது. நான் இதை வகுப்பில் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் எனக்கே உடம்பு சிலிர்க்கும். நம் பழைய மைசூர் இனம் பலசந்ததி வகை, வருடத்துக்குப் பல தலைமுறை காணும். அதன் முட்டைக்கு இந்தத் தூக்கமே கிடையாது. பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் நிலையங்களான வித்தகங்களில் அவசரத்துக்கு உறக்கத்தைத் தடுப்பதும் உண்டு. இட்டு 20 மணி நேரம்போல ஆன முட்டையைச் சூடான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம் அமிழ்த்துவார்கள். வீட்டில் அதைச் செய்ய நினைக்கவே வேண்டாம்.

ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? ஜப்பானின் குன்மா பகுதியில் மலைப் பாறை இடுக்குகளிலிருந்து கோடையிலும் குளிர்காற்று வரும் ஓர் இடம், அராஃபுனே. 1905க்கும் 1914க்கும் இடையே அங்கே மூன்று கற்கிடங்குகள் கட்டி, 11 லட்சம் முட்டை அட்டைகள்வரை வைக்க இடம் செய்தார்கள். மின்சாரம் ஒரு துளியும் இல்லை. 2014இல் டோமியோகா பட்டாலையோடு சேர்ந்து அது உலகப் பாரம்பரியச் சின்னமானது.

நமக்கு ஃபிரிட்ஜின் நடுத்தட்டு போதும், 5 டிகிரி. ஃபிரீசர் கூடவே கூடாது. முட்டைத்தாளை சிறு டப்பாவில் போட்டு, மூடியில் ஊசியால் நாலு துளை இடுங்கள். ஃபிரிட்ஜ் காற்று வறண்டது. அதனால் டப்பாவின் மூலையில், முட்டையில் படாமல், ஈரப்பஞ்சு ஒன்று இருக்கட்டும். பூஞ்சணம் தெரிந்தால் பஞ்சை மாற்றுங்கள். குறைந்தது மூன்று மாதம் வையுங்கள். எடுத்ததும் நேரே வெயில் வேண்டாம். ஒரு நாள் குளிர்ந்த இடத்தில் வைத்து, அப்புறம் அறைக்கு. எட்டாம் நாள்போல ஒவ்வொரு முட்டையிலும் ஒரு கரும்புள்ளி தெரியும். அது புழுவின் தலை. உடனே கறுப்புத்துணியில் சுற்றி இரண்டு நாள் இருட்டில் வைத்து, அடுத்த நாள் காலையில் வெளிச்சம் காட்டுங்கள். முந்தியதும் பிந்தியதும் இல்லாமல் ஒன்றாகப் பொரிக்கும்.

பள்ளியில் நுண்ணோக்கி இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். முட்டையிட்டு முடித்த தாய்ப்பூச்சியை உரலில் அரைத்து, ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். பளபளவென்று நீள்வட்டமாக நோய்க்கிருமியின் வித்துகள் நிறையத் தெரிந்தால் அது பெப்ரின் என்ற பட்டுப்புழு நோய். அது தாயிடமிருந்து முட்டைக்குள்ளேயே போகும். அந்த முட்டைத்தாளை எரித்துவிட வேண்டும். பிரான்சில் பட்டுத்தொழில் சரிந்தபோது 1865 முதல் ஐந்து வருடம் விஞ்ஞானி லூயி பாஸ்டர் இதில் உழைத்தார். தாய்ப்பூச்சி ஒவ்வொன்றையும் தனித்தனியே முட்டையிடவைத்துச் சோதிக்கும் அவருடைய முறையைத்தான் நம் வித்தகங்களும் பின்பற்றுகின்றன. கிண்ணம் கவிழ்த்தால் ஒன்றுக்கு ஒரு பூச்சி என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தப் பையன் இந்த ஆவணியில் மறுபடி ஆரம்பித்தான். முட்டை சிலேட்டு நிறமாகி, ஒரு மாதம் அலமாரியில் இருந்து, இப்போது ஃபிரிட்ஜில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. டப்பாமேல் 'தொடாதே' என்று எழுதி ஒட்டியிருக்கிறார் அவன் அம்மா. தை கடைசியில் எடுப்பதாகக் கணக்கு. அதற்குள் அவர்கள் கொல்லையில் இருக்கும் ஒரே மல்பெரிச் செடியைக் கவாத்து செய்ய வேண்டும். இல்லாவிட்டால் புழு வரும்போது தளிர் இருக்காது. வணக்கம்.