ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

வாசகர் வட்ட ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, கூட்டம் முடியும்வரை இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கும் காவல் உதவி ஆய்வாளர் அவர்களே, எனக்கு முன்னால் நாற்பது நிமிடம் வாழ்த்துரை வழங்கி என் நேரத்தில் பாதியைக் குறைத்து உங்களைக் காப்பாற்றிய வழக்கறிஞர் அண்ணாச்சி அவர்களே, மைக்செட்டுக்குக் காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்ட தம்பி அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, பின்வரிசையில் செல்போன் பார்த்துக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே, எல்லாருக்கும் வணக்கம்.

தோழர் ஜீவா பிறந்த பூதப்பாண்டியில் மேடை ஏறுவது எனக்குப் பெருமை, கொஞ்சம் பயமும்கூட. நான் பேச்சாளன் இல்லை. அரசு மருந்தகத்தில் முப்பத்தொரு வருடம் மாத்திரை எண்ணிக் கொடுத்தவன். கம்பவுண்டர் என்றால்தான் ஊருக்குத் தெரியும்.

‘கொழுப்பும் ஹார்மோன்களும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று செய்தி சொல்லப்போகிறேன். கொலஸ்ட்ராலுக்கு வந்த கெட்ட பெயர் ஒன்று. அதிலிருந்து உடம்பு ஹார்மோன் செய்கிற விதம் இரண்டு. அதே வீட்டுப் பிள்ளையான வைட்டமின் டி மூன்று.

என் அம்மை அரிசி அளக்கும்போது நாழியின் தலையைக் கையால் வழித்துவிட்டு, “ஆத்துல போட்டாலும் அளந்து போடு மக்கா” என்பாள். இன்றைக்கு நான் பேசப்போவதெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான்.

கொலஸ்ட்ரால் என்றதும் மாரடைப்பு நினைவுக்கு வருகிறது. ரத்தத்தில் அளவுக்கு மேல் கிடந்தால் அது உண்மைதான். டாக்டர் எழுதிக் கொடுத்த கொழுப்பு மாத்திரையை என் பேச்சைக் கேட்டு யாரும் நிறுத்திவிடக் கூடாது. ஆனால் அது உடம்பில் துளியும் இல்லாவிட்டால் நாம் இல்லை. பெரும்பங்கை உடம்பே செய்துகொள்கிறது. ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கிற சவ்விலும் அது இருக்கிறது. நம் ஸ்டீராய்டு ஹார்மோன்கள் அத்தனைக்கும் அதுதான் மூலப்பொருள்.

நமக்கெல்லாம் தெரிந்த ஒன்றை வைத்துச் சொல்கிறேன். பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் கிடக்கிறது. கிடந்தால் மட்டும் வயல் நனையுமா? மதகைத் திறக்க வேண்டும். தோவாளை சானலுக்கு இவ்வளவு, அனந்தனார் சானலுக்கு இவ்வளவு என்று பிரிக்க வேண்டும். உடம்பிலும் அப்படித்தான். சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி இரண்டு அட்ரினல் சுரப்பிகள், ஒவ்வொன்றும் நாலைந்து கிராம். அவற்றின் செல்களில் கொலஸ்ட்ரால் துளித்துளியாகச் சேர்ந்து கிடக்கும். அதுதான் அணை. செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று இருக்கிறது. அதன் உள்சவ்வுவரை கொலஸ்ட்ரால் போய்ச் சேர்ந்தால்தான் வேலை தொடங்கும். கொண்டுபோய்ச் சேர்க்கிற புரதத்தின் பெயர் ‘ஸ்டார்’. நம் ஊர் ஸ்டார்களைப் போல இதற்கு ரசிகர் மன்றம் கிடையாது. ஆனால் இது பழுதாகிப் பிறக்கிற குழந்தைகள் உண்டு. அணை நிறைந்து கிடக்கும், மதகு திறக்காது, கடைமடைக்குச் சொட்டுத் தண்ணீர் வராது.

உள்ளே போனதும் ஒரு நொதி கத்தரிக்கோலோடு நிற்கிறது. கொலஸ்ட்ராலில் கார்பன் அணுக்கள் 27. வாலில் 6 அணுவை நறுக்கிவிடுகிறது. மிச்சம் 21. அதற்குப் பிரெக்னெனலோன் என்று பெயர். பெயர் மறந்தால் பாதகமில்லை, எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இங்கேயிருந்துதான் சானல்கள் பிரிகின்றன. 21 கார்பனோடேயே உப்பைப் பிடித்து வைக்கிற ஆல்டோஸ்டிரோன் ஒரு பக்கம், நோயையும் பட்டினியையும் தாங்க வைக்கிற கார்டிசோல் ஒரு பக்கம். இன்னும் இரண்டு கார்பன் போனால் 19, அது ஆண் ஹார்மோன். மறுபடி ஒன்று போனால் 18, பெண் ஹார்மோன். விரையிலும் சூலகத்திலும் இதே கதைதான். ஆக, ஆண் ஹார்மோனைச் செய்துவிட்டு அதைத் திருத்தித்தான் பெண் ஹார்மோன் வருகிறது. தாய்மார்கள் சிரிப்பதன் பொருள் எனக்குப் புரிகிறது.

எவ்வளவு அளந்து செய்கிறது தெரியுமா? 1931-இல் ஜெர்மனியில் புட்டெனான்ட் என்ற விஞ்ஞானி ஓர் ஆண் ஹார்மோனைப் பிரித்தெடுக்க 15,000 லிட்டர் சிறுநீரைக் காய்ச்சினார். கிடைத்தது 15 மில்லிகிராம். அவ்வளவு சிறுநீரையும் கொடுத்து உதவியவர்கள் போலீஸ்காரர்கள். உதவி ஆய்வாளர் ஐயா மன்னிக்க வேண்டும், இது வரலாறு. கார்டிசோலும் ஒரு நாளுக்குச் சுமார் 10 மில்லிகிராம்தான். விடியற்காலையில் கூட, நடுராத்திரியில் குறைய. பட்டாணி அளவில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி மூளைக்கு அடியில் உட்கார்ந்து, ரத்தத்தில் கார்டிசோல் குறைந்தால் ‘திற’ என்கிறது, கூடினால் சும்மா இருக்கிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

இந்த இடத்தில் என் பெரியம்மையின் கதையைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது.

பெரியம்மைக்கு முட்டுவலி. வலி என்றால், காலையில் எழுந்து கட்டன்காப்பி போட அடுப்பங்கரைக்குப் போக அரைமணிக்கூறு ஆகும். செவ்வாய்க்கிழமைதோறும் ஓர் ஆள் டிவிஎஸ் ஃபிஃப்டியில் வருவான். காகிதப் பொட்டலத்தில் பழுப்பு நிறப் பொடி. “நாட்டு மருந்து தாயி, பச்சிலை, பக்கவிளைவே கிடையாது.” இவள் தேனில் குழைத்து இரண்டு வேளை தின்றாள். மூன்றாம் நாள் அடுப்பங்கரைக்கு நடந்தாள். பத்தாம் நாள் குமாரகோவில் படி ஏறினாள்! தெருவே பொடி வாங்கியது. நாலு மாதத்தில் பெரியம்மைக்கு முகம் உருண்டு தெளிந்தது, கன்னம் வைத்தது. கல்யாண வீட்டில் எல்லாரும் “ஒமக்கு வயசு கொறஞ்சிட்டே” என்றார்கள். நானும் சொன்னேன். தினமும் ஸ்டீராய்டு மாத்திரையைக் கையால் எண்ணிக் கொடுத்தவன், அந்த முகத்தைப் பார்த்து “நல்லாயிருக்கீங்க பெரியம்மே” என்று சொன்னேன். கை லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போகிறது என்றாள். வயசு என்றேன்.

எட்டாம் மாதம் அடைமழை. இரண்டு செவ்வாய் அந்த ஆள் வரவில்லை. பொடி தீர்ந்தது. சில நாளில் வாந்தி, தலைசுற்றல், பாயை விட்டு எழ முடியவில்லை. ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினோம். வழியில் அரைமயக்கத்தில் அவள் கேட்டது, “சானல் ஒடஞ்சிட்டாடே? வயலு என்னாச்சு?” டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “என்ன மருந்து சாப்பிட்டாங்க?” “ஒண்ணும் இல்ல சார், நாட்டு மருந்துதான்.” பெரியம்மை முந்தியை அவிழ்த்து, மிச்சமிருந்த ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். டாக்டர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஹைட்ரோகார்டிசோன் ஊசியை நரம்பில் போடச் சொன்னார். சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து கஞ்சியும் பயறும் கேட்டாள்.

நடந்தது இதுதான். பொடிக்குள் ஸ்டீராய்டு, அதாவது கார்டிசோல் மாதிரியே வேலை செய்கிற மருந்து. டெக்ஸாமெத்தசோன் என்றால் அரை மில்லிகிராம் மாத்திரை ஒன்றே உடம்பின் ஒரு முழு நாள் கார்டிசோலுக்குச் சமம். வெளியிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தால், ‘திற’ என்று சொல்கிற மதகுக்காரன் பிட்யூட்டரி என்ன செய்வான்? தூங்கிவிட்டான். அட்ரினலும் சுருங்கிப்போனது. பொட்டலம் திடீரென்று நின்ற அன்று அவனை எழுப்ப ஆள் இல்லை. பிறகு டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து அவனை எழுப்பி உட்கார வைக்க மாதக்கணக்கானது.

ஸ்டீராய்டு கெட்டது என்று சொல்ல வரவில்லை. கார்டிசோன் என்ற ஸ்டீராய்டால் மூட்டுவாத நோயாளிகளை எழுந்து நடக்க வைத்த ஹென்ச்சும், அதற்கு வழிசெய்த கெண்டலும் ரெய்க்ஸ்டைனும் 1950-இல் நோபல் பரிசு வாங்கினார்கள். ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரைத் தூர எறியக் கூடாது. டாக்டர் கொடுத்ததை நீங்களாக நிறுத்தவும் கூடாது. நம் மாவட்டத்து வர்ம ஆசான்கள் மேலும் எனக்குக் குறை இல்லை. எண்ணெய் காய்ச்சித் தடவுகிற ஆசான் வேறு, மாத்திரையை இடித்துப் பச்சிலை என்று விற்கிறவன் வேறு.

என் கோபம் சீட்டில்லாத விற்பனைமேல். ஸ்டீராய்டு மாத்திரை அட்டையில் மருத்துவர் சீட்டு வேண்டும் என்றுதான் அச்சடித்திருக்கிறது. 2018-இல் ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றையும் சீட்டு வேண்டும் என்கிற அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். இருந்தும் “படர்தாமரைக்கு ஒரு டியூப்”, “முகம் வெளுக்க ஒரு டியூப்” என்றால் கைக்கு வருகிறது. அரிசியை வழித்து அளக்கிற நாம் இதை மட்டும் அளக்காமல் வாரிப் போடுகிறோம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது ஆற்றுக்கே பொருந்தும்போது, அறுபது கிலோ உடம்புக்குப் பொருந்தாதா?

தலைவர் ஐயா மணியைத் தொட்டுவிட்டார். வைட்டமின் டியை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்கிறேன், கூப்பிட்டால். வாசலில் ஒரு மேஜை, மேலே நீலநிற நோட்டு. நம் ஊரில் ஒவ்வொரு மருந்துக்கடையிலும் ‘சீட்டின்றி ஸ்டீராய்டு இல்லை’ என்று பலகை வைக்கச் சொல்லி மாவட்ட ஆட்சியருக்கு மனு. இதுவரை 212 கையெழுத்து. வீட்டில் பொட்டலம் இருப்பவர்கள் என்னிடம் தனியாக வாருங்கள், யாரையும் திட்ட மாட்டேன். பேனாவை நூலில் கட்டிப் போட்டிருக்கிறேன், போன கூட்டத்தில் இரண்டு பேனா போய்விட்டது. வணக்கம்.