பழைய ரொறன்ரோ வீட்டின் திருத்த வேலையைப் பனிக்காலத்தில் தொடங்கலாமா?

வணக்கம். ரொறன்ரோவில் 1920களில் கட்டப்பட்ட செங்கல் வீடொன்றை வாங்கியிருக்கும் சகோதரி ஒருவர், வீடு முழுவதையும் திருத்துவதற்கான வேலைகளைத் தை மாதத்திலேயே தொடங்கலாமா, பனி கரையும்வரை பொறுத்திருக்க வேண்டுமா, வேலை நடக்கும்போது பிள்ளைகளுடன் அங்கேயே இருக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் முதலில் எதையும் உடைக்காமல் வீட்டைக் கவனியுங்கள், ஏனெனில் பழைய வீடு எங்கெங்கே சூட்டை இழக்கிறது என்பதைக் குளிர்காலம் காட்டுவதுபோல் வேறெந்தப் பருவமும் காட்டாது. கூரை விளிம்பில் தடித்த பனிக்கட்டிகள் தொங்கினால், பெரும்பாலும் வீட்டின் சூடு கூரையடிக்கு ஏறி மேலுள்ள பனியை உருக்குகிறது, அந்த நீர் குளிர்ந்த விளிம்புக்கு வந்து மீண்டும் உறைகிறது என்று பொருள். வாசற்கதவில் விசிறி பொருத்திச் செய்யும் காற்றுக்கசிவுச் சோதனையையும் அகச்சிவப்புக் கமராப் பரிசோதனையையும் இப்போதே செய்வியுங்கள். உள்ளும் வெளியும் வெப்பநிலை பெரிதும் வேறுபடும் நாட்களில்தான் கசிவுகள் தெளிவாகத் தெரியும்.

கூரையடியில் சிறு கூழாங்கற்களைப்போல மின்னும் பழுப்புநிற வெர்மிகுலைட், அதாவது சூடு வெளியேறாமலிருக்க அந்நாளில் கொட்டிய இன்சுலேஷன், கிடந்தால் தொடவே வேண்டாம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் லிபி என்ற ஊரின் சுரங்கத்திலிருந்து 1990 வரை எடுக்கப்பட்ட வெர்மிகுலைட்டில், சுவாசித்தால் நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டஸ் நார் கலந்திருந்தது. பீங்கான் குமிழ்களில் தாங்கிச் செல்லும் பழைய மின்கம்பிகள் இருந்தால், இன்சுலேஷனுக்கு முன்னரே அவற்றை மாற்ற வேண்டும்; அவை சுற்றியுள்ள காற்றில் சூட்டை விட்டுத் தணிபவை, மூடினால் அளவுக்கு மீறிச் சூடாகும். மின்வேலைக்கான அனுமதியை ஒன்ராறியோ மின்பாதுகாப்பு ஆணையத்திடம் தனியாகப் பெற வேண்டும், மாநகரத்தின் கட்டட பெர்மிட் அதற்குப் போதாது. 1950களின் நடுப்பகுதிக்கு முன் கட்டிய வீடு என்பதால் வீதியிலிருந்து வரும் தண்ணீர்க் குழாய் ஈயமா என்பதையும் பாருங்கள்.

சுமைதாங்கும் சுவரை அகற்றுவதற்கும் பேஸ்மென்டை ஆழப்படுத்துவதற்கும் பெர்மிட் கட்டாயம். வீடுகளுக்கான முழுமையான விண்ணப்பத்துக்கு 10 வேலைநாட்களில் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஆனால் நிலப்பயன்பாட்டு விதியில் விலக்குத் தேவைப்பட்டால் மாதக்கணக்காகலாம். ஆகவே வரைபடங்களுக்கான காலம் இந்தக் குளிர்காலமே.

உள்ளே உடைத்தல், மின்கம்பி, குழாய், மரச்சட்ட வேலைகளைப் பனிக்காலத்தில் நன்றாகச் செய்யலாம். பேஸ்மென்டைத் தோண்டுவதில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். ரொறன்ரோவில் உறைபனி இறங்கும் ஆழம் என்று 1.2 மீற்றரைக் கணக்கிட்டே அத்திவாரம் போடுகிறார்கள். தோண்டித் திறந்த நிலையில் வீட்டின் சூட்டையும் நிறுத்திவிட்டால், அத்திவாரத்தின் கீழுள்ள மண் உறைந்து வீங்கிச் சுவரையே தூக்கிவிடலாம்.

பலர் தவறவிடுவது வெளிச்சுவரை. இரட்டைச் செங்கல் சுவரை இத்தனை ஆண்டுகளாக உலர்த்திவந்தது வீட்டுக்குள்ளிருந்து கசிந்த சூடுதான். உட்புறம் தடித்த இன்சுலேஷன் வைத்தால் செங்கல் முன்பைவிடக் குளிர்ந்து, மழைநீர் உள்ளே தங்கி, உறைந்து உருகி உறைந்து அதன் முகப்பு உதிரத் தொடங்கலாம். எனவே முதலில் பீலிகளைத் திருத்துங்கள். செங்கல் இடுக்குகளில் கடினமான சீமெந்தைத் தவிர்த்து மென்மையான சுண்ணாம்புச் சாந்தை நிரப்புங்கள். ஆனால் அந்தச் சாந்து உறைந்தால் கெட்டுவிடும் என்பதால், அந்த வேலை குளிர் நீங்கியபின்தான். அதுவரை வெளிச்சுவர்களின் உட்பக்கத்தை மூடாமல் விட வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்; விரைவில் மூடிவிட ஒப்பந்தக்காரர் வற்புறுத்தினாலும் இணங்காதீர்கள்.

பிள்ளைகளுடன் அங்கே இருப்பதை நான் ஏற்கமாட்டேன். அவ்வளவு பழைய வீட்டின் வர்ணத்தில் ஈயம் இருக்கும் வாய்ப்பு அதிகம், உடைக்கும் தூசியை, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் வீடெங்கும் பரப்பும். அந்தக் கட்டத்தில், உடைக்கும் இடத்திலிருந்து ஃபர்னஸுக்குக் காற்று திரும்பும் துவாரங்களை மூடச் சொல்லுங்கள். வெளியேறுமுன் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். ஆளில்லா வீட்டில் குழாய் உறைந்து வெடித்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். வேலையாட்கள் இல்லாத நாட்களில் தண்ணீரை முதன்மை வால்வில் அடைத்துக் குழாய்களை வடித்துவிடுங்கள், ஆனால் ஃபர்னஸை மட்டும் நிறுத்த வேண்டாம்.