அளந்து போட்ட கட்டை

(கிளை நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, ஆய்வுக் கூட்டம் ஒன்றை முடித்த கையோடு சாப்பாட்டையும் தள்ளிப் போட்டுவிட்டு வந்து மேடையில் அமர்ந்திருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, எங்கள் வார்டின் மாமன்ற உறுப்பினர் அவர்களே, சென்ற மாதம் இதே மேடையில் சிலப்பதிகாரத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசி ஒருவரையும் எழுந்து போக விடாத புலவர் ஐயா அவர்களே, நாற்காலிகளை அடுக்கி, ஒலிபெருக்கியைச் சரிபார்த்து, இப்போதும் வாசலில் நின்றுகொண்டே கேட்டுக்கொண்டிருக்கும் நூலகர் அம்மா அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் என் மாலை வணக்கம். சிலம்பு ஒலித்த மேடையில் குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிக் கட்டையைப் பற்றிப் பேசுவதற்கு ஒருவனை நிறுத்தியது அவைத் தலைவரின் துணிச்சல். அதற்கும், துண்டுக்குப் பதிலாகப் புத்தகம் கொடுத்த வாசகர் வட்டத்துக்கும் என் நன்றி.

நான் இலக்கியம் படித்தவன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் டூல் ரூமில் நின்று, பிளாஸ்டிக் பொருள்களுக்கான அச்சு, எங்கள் வாய்வழக்கில் ‘டை’, செய்தவன். ஓய்வு பெற்ற பிறகு பேரனுக்காக வாங்கிய, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி விளையாடும் லெகோ கட்டைகள் அவனை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டன. இன்று ஐந்து செய்திகளைச் சொல்லலாம் என்று குறித்து வந்திருக்கிறேன்: கட்டை பிறந்த கதை, அதன் அளவு, அதை வார்க்கும் அச்சு, அதன் நிறம், அதன் பொருட்டு நடந்த வழக்குகள். ஐந்துக்கும் ஊடே ஒரே நூல்தான் ஓடுகிறது. என் பாட்டி படியில் அரிசி அளக்கும்போதெல்லாம் சொல்வார்: ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு.

டென்மார்க்கில் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் என்று ஒரு தச்சர் இருந்தார். 1916இல் அவ்வூரின் தச்சுப் பட்டறையை வாங்கியவர், உலகப் பொருளாதார மந்தத்தில் வீடு கட்டுவோர் குறைந்துபோக, 1932இல் மரப்பொம்மை செய்யத் தொடங்கினார். ‘நன்றாக விளையாடு’ என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களின் முன்பகுதிகளை ஒட்டி, 1934இல் தம் தொழிலுக்கு ‘லெகோ’ என்று பெயர் வைத்தார்.

இந்த இடத்தில் ஒரு கதையைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. அவருடைய மகன் கோட்ஃபிரட், பிற்காலத்தில் அந்த நிறுவனத்தையே நடத்தியவர், அப்போது தந்தையின் பட்டறையில் வேலை பார்க்கும் இளைஞர். பட்டறையில் செய்த மர வாத்துகளுக்கு மூன்று பூச்சு வார்னிஷ் அடிப்பது வழக்கம். ஒரு நாள் கூட்டுறவு அங்காடிக்குப் போகவேண்டிய இரண்டு பெட்டி வாத்துகளை ரயில் நிலையத்தில் சேர்த்துவிட்டு வந்த மகன், தந்தையிடம் பெருமையோடு சொன்னார்: இன்று நமக்குக் கொஞ்சம் ஆதாயம், கூட்டுறவுக்குப் போகிற சரக்குதானே என்று இரண்டு பூச்சோடு நிறுத்திக்கொண்டேன். நம் வீட்டில் என்றால் என்ன நடந்திருக்கும்? பையன் பிழைக்கத் தெரிந்தவன் என்று தாத்தா தட்டிக்கொடுத்திருப்பார், அம்மா சுற்றிப்போட்டிருப்பார். அந்தத் தச்சர் தட்டிக்கொடுக்கவில்லை. உடனே போய்ப் பெட்டிகளைத் திருப்பி எடுத்து வா, பிரித்து ஒவ்வொரு வாத்துக்கும் மூன்றாவது பூச்சை அடி, மறுபடி கட்டி நிலையத்தில் சேர், அதை முடிக்கும்வரை படுக்கக் கூடாது, துணைக்கும் ஒருவரையும் கூப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டார். மகன் அப்படியே செய்தார். மங்கலான விளக்கு, டென்மார்க்கின் குளிர், ஒட்டும் வார்னிஷ், வரிசையாக நின்று அவரையே பார்க்கும் வாத்துகள் என்று நான் எனக்குள் அந்த இரவைப் பலமுறை கற்பனை செய்து பார்த்திருக்கிறேன். இந்தக் கதையை நான் வீட்டில் சொன்னபோது என் மனைவி கேட்டார், ‘மூன்றாவது பூச்சு இல்லாவிட்டால் எந்தக் குழந்தைக்குத் தெரியப் போகிறது?’ என்று. நியாயமான கேள்வி. குழந்தைக்குத் தெரியாது, அங்காடிக்காரருக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் அந்த மகன், ‘மிகச் சிறந்தது மட்டுமே போதுமான அளவுக்குச் சிறந்தது’ என்ற கருத்துள்ள தந்தையின் வாசகத்தைப் பின்னர் தம் கையாலேயே மரப்பலகையில் செதுக்கிப் பட்டறைச் சுவரில் மாட்டினார். என் பாட்டிக்கு டேனிஷ் தெரியாது, ஓலே கிர்க்குக்குத் தமிழ் தெரியாது, இருவரும் சொன்னது ஒன்றே: ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு.

கதை நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். 1946இல் அந்தத் தச்சர் பிளாஸ்டிக் வார்ப்பு எந்திரம் ஒன்றை வாங்கினார். குமிழ் வைத்த பிளாஸ்டிக் கட்டை அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் கிட்டிகிராஃப்ட் என்ற பெயரில் பொம்மை செய்துவந்த ஹிலரி ஃபிஷர் பேஜ் என்பவரின் கட்டைதான் அதற்கு முன்மாதிரி. அந்த மனிதரின் பெயரை இந்த அவையில் ஒருமுறையாவது உரக்கச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன், சொல்லிவிட்டேன். 1949இல் பில்லுண்டில் வந்த முதல் கட்டைகள் மேலே குமிழும் உள்ளே வெற்றுக்கூடுமாக இருந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும், தூக்கினால் கழன்றுவிடும். அந்தக் கூட்டுக்குள் குழல்களை வைக்கும் எண்ணத்துக்கு கோட்ஃபிரட் 1958 ஜனவரி 28ஆம் நாள் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். மதியம் 1 மணி 58 நிமிடம் என்று நேரத்தையும் சேர்த்து இன்றும் சொல்கிறார்கள். நேரத்தைக்கூட அளந்து போட்டிருக்கிறார்கள்.

இனி அளவுக்கு வருகிறேன். என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதி இது. லெகோவில் ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடு வரை 8 மில்லிமீட்டர். ஆகவே ஒற்றைக் குமிழ்க் கட்டை 8 மில்லிமீட்டர் அகலம் இருக்கவேண்டும் என்றுதான் நானும் எண்ணினேன். மில்லிமீட்டரின் சிறு பங்கையும் அளக்கும் வெர்னியர் அளவியை வைத்தால் 7.8 காட்டியது. எந்திரம் சரியில்லாத நாளில் வார்த்த கட்டை போலிருக்கிறது என்று இன்னொன்றை எடுத்தேன், அதுவும் 7.8. இரட்டைக் குமிழ்க் கட்டை 15.8, நான்கு குமிழ் நீளம் 31.8. எட்டின் மடங்கு ஒவ்வொன்றிலும் அதே 0.2 குறைகிறது. கட்டை நீண்டாலும் குறை நீளவில்லை என்று கண்டபோதுதான் எனக்கு உறைத்தது, அது பிழையாக இருக்க வழியில்லை என்று. ஒவ்வொரு கட்டையும் தன் பக்கங்களில் 0.1 மில்லிமீட்டரை அடுத்த கட்டைக்காக விட்டுக்கொடுத்து நிற்கிறது. அந்த இடைவெளி இல்லாவிட்டால் பத்துக் கட்டைகளை வரிசையாக அடுக்கும்போது ஒன்றையொன்று நெருக்கித் தள்ளும், பதினோராவது கட்டை உட்காராது. தண்டவாளத்துக்கு இடைவெளி விட்ட கதைதான், அளவு மட்டும் சிறியது.

கட்டையின் உயரம் 9.6. தட்டை என்று நாம் சொல்லக்கூடிய மெல்லிய துண்டு 3.2, ஆகவே மூன்று தட்டை ஒரு கட்டை. குமிழின் விட்டம் 4.8. இந்த எண்களைக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள்: 3.2, 4.8, 8, 9.6. எல்லாமே 1.6இன் மடங்குகள். ஐந்து தட்டைகளை அடுக்கினால் 16, அது இரண்டு குமிழ் அகலத்துக்குச் சமம். கட்டையைப் பக்கவாட்டில் திருப்பி வைத்துக் கட்டும் ஆர்வலர்கள் இந்த ஒரு சமன்பாட்டை நம்பித்தான் அரண்மனை கட்டுகிறார்கள்.

உள்ளே இருக்கும் குழலுக்கு வருவோம். நான்கு குமிழ்கள் ஒரு சதுரத்தின் மூலைகளில் நிற்கின்றன. சதுரத்தின் பக்கம் 8, மூலைவிட்டம் பித்தகோரஸ் கணக்குப்படி 11.31. அதிலிருந்து எதிரெதிர்க் குமிழ்களின் பாதிப் பாதி, மொத்தம் 4.8, கழித்தால் மிஞ்சுவது 6.51. அதுதான் குழலின் வெளிவிட்டம். நான்கு குமிழ்களையும் ஒரே நேரத்தில் தொட்டுக்கொண்டு அது நடுவில் நிற்கிறது. ஆர்வலர்கள் ‘கிளட்ச் பவர்’ என்று சொல்லும் பிடிப்பு பிறப்பது இந்த இடத்தில்தான். மூலைக் குமிழை இரண்டு பக்கம் சுவரும் ஒரு பக்கம் குழலும் பிடித்துக்கொள்கின்றன. பிடி இறுகினால் குழந்தையின் விரலால் பிரிக்க முடியாது, தளர்ந்தால் கட்டிய வீட்டைத் தூக்கி அப்பாவிடம் காட்ட முடியாது. புதிய அச்சுகள் சிலவற்றில் சுவரை மெலிதாக்கி, குமிழ் தொடும் இடத்தில் மட்டும் நகக்கீறல் போல ஒரு மேட்டு வரியை விட்டிருக்கிறார்கள். பிளாஸ்டிக்கை மிச்சம் பிடித்திருக்கிறார்கள், பிடிப்பை மிச்சம் பிடிக்கவில்லை. அதைப் பார்த்த அன்று அந்த அச்சைச் செய்த, பெயர் தெரியாத கைக்கு நான் மனத்துக்குள் ஒரு வணக்கம் போட்டேன்.

அச்சைப் பற்றி. முதலில் செல்லுலோஸ் அசிடேட்டில் வார்த்தார்கள், அது நாளடைவில் வளைந்தது, நிறம் மங்கியது. 1963இலிருந்து ஏபிஎஸ் என்னும் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். ஏபிஎஸ் குருணை காற்றின் ஈரத்தை உறிஞ்சும், ஆகவே நன்றாக உலர்த்தி, ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸில் உருக்கி, மிகுந்த அழுத்தத்தில் அச்சுக்குள் செலுத்துகிறார்கள். பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும் என்பது டை செய்பவனின் முதல் பாடம். ஏபிஎஸ் அரை விழுக்காட்டையொட்டிச் சுருங்கும். 31.8 மில்லிமீட்டர் கட்டையில் அது கிட்டத்தட்ட 0.16 மில்லிமீட்டர். பிடிப்பு நிற்பதோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரு பங்கு என்ற கணக்கில். அதாவது சுருக்கமே அனுமதித்த பிழையைப் போலப் பல மடங்கு. அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே எண்ணி அச்சைப் பெரிதாக வெட்டி, ஆறிய பிறகு 31.8இல் வந்து நிற்கச் செய்யவேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மூடியின் உட்புறத்தை உருவாக்கும் ‘கோர்’ என்னும் அச்சுப் பகுதியைக் கண்மதிப்பில் அரத்தால் நாலு இழுப்பு அதிகம் தேய்த்துவிட்டேன். ஃபோர்மேன் அண்ணன் திட்டவில்லை. அந்த மூடியையும் அதன் டப்பாவையும் என் கையில் கொடுத்து, ‘மூடுடா தம்பி’ என்றார். மூடினேன், முழுதும் இறங்காமல் பாதியிலேயே இறுகி நின்றுவிட்டது. ‘வீட்டுக்குக் கொண்டு போ, பருப்புப் போட்டு வை’ என்றார். அந்த டப்பா இன்றும் எங்கள் சமையலறையில் இருக்கிறது. பருப்பில் வண்டு விழும்போதெல்லாம் எனக்குப் பாட்டியின் பழமொழிதான் நினைவுக்கு வரும்.

இப்படி அளந்ததன் பயன், 1958இல் குழலோடு வந்த கட்டைக்குள் இன்று வாங்கிய கட்டையின் குமிழ் போய் உட்காருகிறது. பில்லுண்டில் மட்டும் என்றில்லை, ஹங்கேரியிலும் மெக்சிகோவிலும் சீனாவிலும் வார்த்த கட்டைகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. எட்டுக் குமிழ்க் கட்டைகள் ஆறு மட்டும் இருந்தால் 91,51,03,765 விதமாக இணைக்கலாம் என்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணித அறிஞர் சோரன் ஐலர்ஸ் கணக்கிட்டுக் காட்டினார். அந்தக் கணக்கை விளக்கத் தனியாக ஒரு மாலை வேண்டும்.

அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவர் பார்ப்பதை நானும் பார்த்துவிட்டேன். நிறமும் வழக்குகளும் நிற்கட்டும். கனடா உச்ச நீதிமன்றம் 2005இல் சொன்ன தீர்ப்பைப் பற்றிய குறிப்பு என் சட்டைப் பையில் இருக்கிறது, விரும்புகிறவர்கள் தேநீரின்போது கேட்டுப் பெறலாம். மீதமுள்ள சில நிமிடங்களை நான் வந்த காரியத்துக்குச் செலவிட அனுமதி கேட்கிறேன், ஏனென்றால் மாவட்ட நூலக அலுவலரும் மாமன்ற உறுப்பினரும் ஒரே மேடையில் அமைவது அடிக்கடி நடப்பதன்று.

ஒன்பதாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் வெர்னியர் அளவியும் திருகு அளவியும் படத்தோடு இருக்கின்றன. என் பேரன் மீச்சிற்றளவு, அதாவது கருவியால் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, கண்டுபிடிக்கும் வாய்பாட்டை மனப்பாடமாக ஒப்பிக்கிறான். வெர்னியரைக் கையில் கொடுத்தால் தலைகீழாகப் பிடிக்கிறான். அவன் படித்த பள்ளியின் பெயர் வேண்டாம். கருவிகள் அங்கே உண்டு, அலமாரியில் பத்திரமாக உண்டு, சாவி செய்முறைத் தேர்வுக்கு முன்தினம் வரும். நாற்பது பிள்ளைகளுக்கு இரண்டு கருவி, ஒரு பாடவேளை. ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவர் என்ன செய்வார்? ஆனால் உலோகக் குண்டையும் மரத்துண்டையும் அளப்பதில் பிள்ளைக்கு என்ன சுவை இருக்கும்? லெகோ கட்டையைக் கொடுத்து, ஏன் எட்டுக்குப் பதில் 7.8 வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். கட்டையை விடமாட்டான், கருவியையும் விடமாட்டான்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். மாவட்டத்தின் ஒவ்வொரு கிளை நூலகத்திலும், குழந்தைகள் பகுதியின் ஓரத்தில், ஓர் அளவை மேசை வேண்டும். அதில் ஒரு வெர்னியர், ஒரு திருகு அளவி, ஒரு பெட்டி பழைய கட்டைகள், ஒரு கோடு போட்ட நோட்டு. கட்டைகளை வாங்கவேண்டியதில்லை. வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் கட்டைகள் பரணில் கிடக்காத வீடு இந்த அவையில் எத்தனை இருக்கும்? எந்த நிறுவனத்தின் கட்டையானாலும் கொடுங்கள். பொருந்தாத கட்டையையும் கொடுங்கள், ஏன் பொருந்தவில்லை என்று பிள்ளைகள் அளந்து கண்டுபிடிக்கட்டும். இந்த நூலகத்துக்கு என் வெர்னியர்கள் இரண்டையும் இன்றே கொடுக்கிறேன். சனிக்கிழமை தோறும் மாலை 4 மணிக்கு வந்து உட்காரவும் அணியமாக இருக்கிறேன். அலுவலர் அவர்கள் ஏதோ குறித்துக்கொள்கிறார்கள், அது என் கோரிக்கை என்றே எடுத்துக்கொள்கிறேன். மாமன்ற உறுப்பினர் அவர்கள் சிரிக்கிறார்கள், அதையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

பின்வரிசைக்கு அருகில் நூலகர் அம்மா ஒரு மேசை போட்டுத் தந்திருக்கிறார். அதில் கட்டைகளும் வெர்னியர்களும் நோட்டும் இருக்கின்றன. தேநீர் குடித்த கையைத் துடைத்துவிட்டு ஆளுக்கொரு கட்டையை அளந்து எழுதிவிட்டுப் போங்கள், பெயர் எழுதவேண்டியதில்லை, அளவு போதும். இரண்டு வெர்னியரில் ஒன்றுக்குச் சுழிப்பிழை, அதாவது தாடையை மூடினாலும் சுழியில் வந்து நிற்காத குறை, இருக்கிறது. எந்த வெர்னியருக்கு என்று நான் சொல்லப்போவதில்லை. நன்றி, வணக்கம்.