குடத்தை எண்ணுவதா, வீட்டை எண்ணுவதா?

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையில் தண்ணீர்க் கஷ்டம் வந்த கோடைகளில் எங்கள் தெருவுக்கு லாரி வரும். விடிவதற்கு முன்பே பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் உட்கார்ந்திருக்கும். ஆட்கள் வீட்டுக்குள் காபி குடித்துக்கொண்டிருப்பார்கள். பத்துக் குடம் வைத்த வீட்டுக்குப் பத்து முறை, இரண்டு குடம் வைத்த பாட்டிக்கு இரண்டு முறை. வரிசை ஒழுங்காகத்தான் நகரும், யாரும் முந்த மாட்டார்கள். ஆனால் பாட்டியின் முறை வருவதற்குள் லாரி காலி.

நான் பல வருஷம் சர்வர், அதாவது இணையதளங்களைத் தாங்கும் கம்ப்யூட்டர், பார்த்துப் பிழைத்தவன். ஒரே கம்ப்யூட்டரில் இருநூறு முந்நூறு வாடிக்கையாளர்களின் இணையதளங்கள் குடியிருக்கும். ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம், ஜாதகம் பார்ப்பவர், டியூஷன் சென்டர் என்று எல்லாரும் ஒரே பிராசஸர், ஒரே மெமரி. மாதம் நூறு இருநூறு ரூபாய்க்கு இடம் கிடைப்பது அதனால்தான்.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு போன் மேல் போன். எந்தத் தளமும் திறக்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் 'லோடு', அதாவது ஓடுகிற, முறைக்குக் காத்திருக்கிற வேலைகளின் எண்ணிக்கை, 90. எட்டுக் கோர் உள்ள, அதாவது ஒரே நேரத்தில் எட்டு வேலை பார்க்கக்கூடிய இயந்திரம் அது. எட்டு வரை போனாலே கை நிறைய வேலை என்று அர்த்தம். காரணம், சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் அண்ணாச்சி ஒருவர். டிசைன் படங்களை எல்லாம் சுருக்கிப் பேக்கப் எடுக்க ஒரு புரோகிராம் எழுதச் சொல்லி, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓட விட்டிருந்தார். முதல் பேக்கப் முடிவதற்குள் இரண்டாவது, அது முடிவதற்குள் மூன்றாவது. வரிசையில் அவர் குடமே எழுபது எண்பது.

கணக்கை நிறுத்தி வைத்தேன். அடுத்த நிமிஷம் போன். "தம்பி, அன்லிமிடெட்னு சொல்லித்தானே வித்தீங்க?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. அவர் கேட்டதில் தப்பே இல்லை. அந்தச் சொல்லை விளம்பரத்தில் போட்டது நாங்கள்தான். பத்துப் பேர் உட்காரும் திண்ணையை நூறு பேருக்கு வாடகைக்கு விடுவது இந்தத் தொழிலில் சகஜம். நூறு பேரும் ஒரே நேரத்தில் வர மாட்டார்கள் என்ற தைரியம்தான்.

இந்தச் சிக்கல் புதிதல்ல. ஒரே கம்ப்யூட்டரைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம் என்று 1961-லேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கார்பட்டோவின் குழு செய்து காட்டியது. ஒவ்வொருவர் வேலைக்கும் ஒரு துளி நேரம் கொடு, பிறகு அடுத்தவரிடம் போ. ஆனால் அடுத்தவர் என்றால் யார்? இயந்திரத்துக்குத் தெரிவது ஓடிக்கொண்டிருக்கும் வேலைகள்தான், அதாவது குடங்கள். அவற்றை வைத்த வீட்டை அது பார்ப்பதில்லை.

வீட்டைப் பார்க்க வேண்டும் என்று தெளிவாக எழுதியவர்கள் சிட்னி பல்கலைக்கழகத்தின் ஜூடி கே, பியர்ஸ் லாடர் இருவர். 1988-ல் வந்த அவர்கள் கட்டுரையில் எனக்குப் பிடித்தது இன்னொரு விஷயம். ஒருவர் சமீபத்தில் எவ்வளவு எடுத்தார் என்பதை இயந்திரம் நினைவில் வைத்திருக்கும். நிறைய எடுத்தவர் கொஞ்சம் பின்னால் நிற்பார். ஆனால் அந்த நினைவு நாளாக ஆகத் தேய்ந்துவிடும். போன வாரம் அதிகம் எடுத்த குற்றத்துக்கு இந்த வாரம் தண்டனை இல்லை. இவ்வளவு நிதானம் நம் அபார்ட்மெண்ட் சங்கங்களில்கூடக் கிடையாது!

எங்கள் சர்வர்களை இயக்கும் அடிப்படை மென்பொருளான லினக்ஸில் 2008-ல் 'சி-குரூப்' என்ற வசதி வந்தது. ஒரு வாடிக்கையாளரின் எல்லா வேலைகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி, மூட்டைக்கு இவ்வளவு பங்கு என்று சொல்லலாம். இரண்டு விதமாகச் சொல்லலாம். ஒன்று, உச்சவரம்பு: இயந்திரம் சும்மா கிடந்தாலும் அதற்கு மேல் கிடையாது. மற்றது, எடை: போட்டி இருக்கும்போது மட்டும் பங்கு பிரிப்பது, ஆள் இல்லாவிட்டால் முழுதையும் எடுத்துக்கொள்ளலாம். பிராசஸருக்கு எடைதான் நியாயம் என்பது என் கட்சி. லாரியில் மிச்சம் இருக்கும்போது நாலு குடத்தோடு நிறுத்துவது யாருக்கு லாபம்? வரம்பு வைத்தால் "மேல் பிளானுக்கு மாறுங்கள்" என்று சொல்ல வசதி, அவ்வளவுதான்.

மெமரி கதை வேறு. பிராசஸர் நேரத்தை அடுத்த நொடியே பிடுங்கி இன்னொருவருக்குத் தரலாம். மெமரி உட்கார்ந்த சீட்டு மாதிரி. ஆளை எழுப்பினால்தான் இடம். மெமரி தீர்ந்தால் லினக்ஸ் ஏதாவது ஒரு வேலையைக் கொன்றுவிடும், பெரும்பாலும் அதிகம் பிடித்திருப்பதை. எங்கள் சர்வரில் அதிகம் பிடித்திருந்தது எல்லாத் தளங்களின் தகவலும் இருக்கும் பொதுவான டேட்டாபேஸ்! ஒருவர் ஆசைக்கு முந்நூறு கடையும் மூடும். அதனால் மெமரிக்குக் கறாராக வரம்புதான்.

அண்ணாச்சி கணக்குக்கு பிராசஸரில் ஒரு எடை வைத்து மறுபடி திறந்துவிட்டேன். மெமரிக்கு ஒரு வரம்பு. பழையது ஓடிக்கொண்டிருந்தால் புதியது தொடங்கக் கூடாது என்று அவர் புரோகிராமிலும் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார்.

"தம்பி, பேக்கப் முடிய ரெண்டு மணி நேரம் ஆகுதே?"

"பகல்ல அப்படித்தான் அண்ணாச்சி. ராத்திரி ஓட விடுங்க."

"பன்னெண்டு மணிக்கு வச்சுப் பார்த்தேன். பகலைவிட மோசம்."

சிரித்துவிட்டேன். சர்வரில் பாதிப் பேர் பேக்கப்பைச் சரியாகப் பன்னிரண்டு மணிக்குத்தான் வைத்திருந்தார்கள்.

"ரெண்டு முப்பத்தேழுக்கு வைங்க" என்றேன்.

"அது என்ன தம்பி, ராகுகாலக் கணக்கா?"

"இல்ல அண்ணாச்சி. அந்த நேரத்துல வேற யாரும் வைக்க மாட்டாங்க."

மறுநாள் காலை சொன்னார், இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டதாம்.

வணக்கம்.