காரைத் துண்டும் கடல்நீரும்

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடியிலிருந்து பேசுகிறேன்.

செட்டிநாட்டுப் பழைய வீட்டுச் சுவரிலிருந்து காரை பெயர்ந்து விழுந்தால், ஒரு துண்டைப் பொடித்து அதன்மேல் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். சுறுசுறுவென்று குமிழி கிளம்பும். கிளிஞ்சலைச் சுட்டபோது வெளியேறிய கரியமில வாயுவை, சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றிலிருந்து மீண்டும் வாங்கித்தான் இறுகுகிறது. அமிலம் பட்டதும் அது வெளியே வந்துவிடுகிறது. கடலில் கரைந்த கரியமில வாயுவை அளக்கும் தானியங்கிக் கருவியும் முதலில் இதைத்தான் செய்கிறது.

கடல்நீரில் கரியமில வாயு வாயுவாகவே கரைந்திருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் பைகார்பனேட்டாகவும் கார்பனேட்டாகவும் மாறிக் கிடக்கிறது. கருவி, அளந்தெடுத்த நீரில் பாஸ்பாரிக் அமிலத்தை விட்டு அத்தனையையும் வாயுவாக்குகிறது. நைட்ரஜன் அதை அடித்துக்கொண்டுபோய், அதை உறிஞ்சிக்கொள்ளும் எத்தனாலமைன் கரைசல் உள்ள கண்ணாடிக் கலத்தில் சேர்க்கிறது. நீல நிறக் கரைசல் அது. வாயு சேரச் சேர நீலம் வெளுக்கும். உடனே மின்சாரம் பாய்ந்து நீலத்தை மீட்கும். பழைய நிறம் திரும்பும்வரை செலவான மின்சாரத்தை எண்ணினால் வாயுவின் அளவு கிடைத்துவிடுகிறது. பாயும் மின்சாரத்தின் அளவுக்கேற்பவே வேதிமாற்றம் நடக்கும் என்ற ஃபாரடேயின் விதிதான். 1953 முதல் மின்வேதியியல் ஆய்வகம் இயங்கிவரும் இந்த ஊருக்கு அந்தப் பெயர் புதிதல்ல.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? மேற்பரப்புக் கடல்நீர் ஒரு கிலோவில், எல்லா வடிவத்தையும் சேர்த்து, சுமார் 2000 மைக்ரோமோல் இருக்கிறது; மைக்ரோமோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் ஓர் அலகு. நாம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல் வாங்கிக்கொண்டும், ஆண்டுக்கு ஏறுவது ஏறக்குறைய 1 மைக்ரோமோல்தான். அளவு சற்றுப் பிசகினால் பல ஆண்டு மாற்றம் அதற்குள் மறைந்துபோகும். ஆடும் கப்பலில், நள்ளிரவுக்குப் பிறகு, நூறாவது குப்பிக்கும் முதல் குப்பிக்கு விட்ட அதே அளவு அமிலத்தை விடக் கருவியால்தான் முடியும். கருவியும் சரியான அளவிலிருந்து மெல்ல மெல்ல விலகும் என்பதால், அளவு உறுதிசெய்யப்பட்ட கடல்நீரை இடையிடையே அதற்குக் கொடுத்துச் சரிபார்க்கிறார்கள்.

நீரைப் பிடிப்பதோ இன்னும் பெரும்பாலும் மனிதர் கைதான். குழாயைக் குப்பியின் அடிவரை விட்டு, குமிழி வராமல் நிரப்பி, வழியவிட்டு, மெர்க்குரிக் குளோரைடு என்ற நஞ்சைச் சேர்த்து மூட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் சுவாசித்தே அளவைக் கூட்டிவிடும். ஒருமுறை தொண்டியில் பிடித்த நீருக்கு அதைச் சேர்க்க மறந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் நினைவு வந்தது. அளக்காமலே கொட்டினேன். மறுபடி போய்ப் பிடித்தது வேறொரு நாளின் கடல்.